மைலோமா இருக்குற அப்பாக்கு மீனும் முட்டையும் குடுக்கலாமா? "புரோட்டீன் கூடிப்போச்சு"ன்னு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுதாவ

ரப்பர்காட்டுப்பிள்ள:

எல்லாருக்கும் வணக்கம், மொதல்தடவையா இங்க எழுதுதேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கிடுங்க. நாங்க களியக்காவிளை பக்கம். அப்பாக்கு 61 வயசு, முப்பது வருசமா ரப்பர் பால்வெட்டுத்தான் வேலை. போன வருசம் ஆடி மாசம் முதுகுவலின்னு படுத்தாரு, வர்ம வைத்தியர்ட்ட போயி எண்ணெ தடவி கெட்டுபோட்டு மூணு மாசம் அப்படியே போச்சு, பெறவு ரத்தம் பாத்தா ஹீமோகுளோபின் 7.8, கிட்னி டெஸ்டு கிரியாட்டினின் 1.9. கடைசில திருவனந்தபுரத்துல மஜ்ஜை குத்தி எடுத்துப் பாத்துட்டு மல்டிபிள் மைலோமா, மஜ்ஜைல வர்ற ரத்தப் புத்துநோய்னு சொன்னாவ. இப்போ மருந்துல மூணாவது சுத்து (சைக்கிள்). வாரம் ஒரு ஊசி வயித்துல (போர்ட்டிசோமிப்), லெனலிடோமைடு காப்ஸ்யூல், வாரத்துல ஒரு நாள் டெக்ஸா 40 (ஸ்டீராய்டு மாத்திரை). கிரியாட்டினின் இப்போ 1.3க்கு வந்துட்டு, டாக்டர் நல்லா கேக்குதுன்னுதான் சொல்லுதாரு.

பிரச்சனை சாப்பாடுதான். ரிப்போர்ட்டுல டோட்டல் புரோட்டீன் 9.6, எம் புரோட்டீன் 4.1ன்னு இருந்துச்சு. எங்க சித்தப்பா முன்னாடி மருந்துக்கடையில நின்னவரு, அதப் பாத்துட்டு "ரத்தத்துல புரோட்டீன் கூடி நிக்குது, இனி மீனு முட்டை பயறு பருப்பு ஒண்ணும் தொடக்கூடாது"ன்னு ஆர்டர் போட்டுட்டாரு. ரெண்டு மாசமா அப்பா கஞ்சியும் தேங்காத் தொவையலும்தான். 64 கிலோ இருந்த மனுசன் இப்போ 55. நேத்து கிணத்துல வெள்ளம் கோரப் போயி தளந்து திண்ணையிலயே இருந்துட்டாரு, கண்ணுல வெள்ளம் வந்துட்டு எனக்கு.

இதுல ஆஸ்பத்திரில குடுத்த சாப்பாட்டு சார்ட்டு மலையாளத்துல இருக்கு. எனக்கு பேசத் தெரியும், வாசிக்க வராது. சின்னம்மை எழுத்துக்கூட்டி வாசிச்சு "மாம்சியம் கூடுதல் கழிக்கணும்னு (சாப்பிடணும்னு) போட்டிருக்கு, இறைச்சி நெறைய குடுக்கச் சொல்லிருக்காவ"ன்னு பீஃப் வாங்கிட்டு வந்துட்டாவ. சித்தப்பாவும் சின்னம்மையும் இப்போ பேச்சில்ல.

இன்னும் இருக்கு. கால்சியம் கூடிருக்கு பால் குடுக்காதன்னு பக்கத்து வீட்டுக்காரி. ரத்தம் ஊற தினம் பீட்ரூட் ஜூஸும் இரும்புச்சத்து டானிக்கும் குடுன்னு அத்தை. பக்கத்து பெட்டுல இருந்த சேச்சி லட்சுமிதருன்னு ஒரு மரத்து இலையும் முள்ளாத்தக்காயும் (முள்ளு சீத்தா) தந்துவிட்டாவ, ஒரு கவர் நெறைய. அப்பா காலைல பழஞ்சி (பழைய சோத்துக் கஞ்சி) குடிச்சே பழகின ஆளு, அது குடுக்கலாமா கூடாதான்னும் தெரியல. டாக்டர்ட்ட கேக்கலாம்னா அங்க நிக்கிற கூட்டத்துல நம்ம முறை வரும்போது பாதி மறந்துபோவுது. இத அனுபவிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பாறசாலை_மருமவ:

மக்ளே முதல்ல சண்டைய தீத்து வைக்கிறேன். மாம்சியம்னா மாம்சம் இல்ல! மலையாளத்துல மாம்சியம்னா புரோட்டீன், இங்க ஸ்கூல் புஸ்தகத்துலயே அப்படித்தான் இருக்கும். அன்னஜம்னு இருந்தா மாவுச்சத்து, கொழுப்புக்கு கொழுப்புதான். அதனால சார்ட்டுல சொல்லிருக்கறது புரோட்டீன் கூடுதல் சாப்பிடணும்னுதான், அது மீனாவும் இருக்கலாம் முட்டையாவும் இருக்கலாம் சிறுபயறாவும் இருக்கலாம். உங்க சின்னம்மை பாதி சரி, சித்தப்பா முழுசா தப்பு.

எங்க மாமியாருக்கு இதே வியாதி, நாலு வருசமாச்சு, இப்பவும் முத்தத்துல இருந்து நெத்திலி ஆஞ்சுகிட்டு இருக்காவ. அவிய ரிப்போர்ட்டுலயும் புரோட்டீன் கூடுதல்னு பாத்துட்டு நானும் இதே பைத்தியக்காரத்தனம் பண்ணிருக்கேன், பதினஞ்சு நாள் பருப்பு கூட போடல, பெறவு டயட்டீஷியன் மேடம் என்ன ஏசுனாவ பாருங்க. அவிய சொன்னது அப்படியே சொல்றேன், அந்த எம் புரோட்டீன் வாய் வழியா போன புரோட்டீன் இல்ல, மஜ்ஜைல கெட்டுப்போன செல்லு உண்டாக்கித் தள்ளுற சரக்கு, நீங்க மீன் தின்னாலும் அது உண்டாக்கும் தின்னலன்னாலும் உண்டாக்கும், மருந்து செல்ல கொன்னாத்தான் அது கொறையும். பட்டினி போட்டா கொறையிறது கையிலயும் தொடையிலயும் இருக்கற சதை மட்டும்தான். திண்ணையில இருந்துபோனாருன்னு எழுதிருக்கீங்கல்ல, அதுல சாப்பாடு இல்லாத தளர்ச்சியும் சேந்திருக்கும், ஆனா அதையும் டாக்டர்ட்ட சொல்லிருங்க.

ஊசி நாளுக்கு ஒண்ணு சொல்றேன். நாங்க வெளுப்புக்கு நாலு மணிக்கே எந்திரிச்சு களியக்காவிளைலருந்து தம்பானூர் பஸ் பிடிப்போம், பெறவு மெடிக்கல் காலேஜ், ரத்தம் குடுத்து ரிசல்ட் வந்து ஊசி போட்டு வெளிய வர சாயங்காலம் ஆயிரும். முதல்ல எல்லாம் கேண்டீன்ல வாங்கித் தின்னுட்டு வயித்தால போச்சு. இப்போ ரெண்டு முழுசா அவிச்ச முட்டை தோடு உரிக்காம, இட்டிலி, நாலு மட்டிப்பழம், பிளாஸ்க்குல சீரக வெள்ளம். வெள்ளம் வெளிய வாங்காதீங்க, இங்க ஹோட்டல்ல சூடா ஒரு கலர்ல தருவாவல்ல, பாதி கடைல கொதிச்ச வெள்ளத்துல பச்ச வெள்ளத்த ஊத்தித்தான் ஆத்துவாவ.

ருசி செத்துப்போச்சு இரும்பு கடிச்ச மாதிரி இருக்குன்னு சொல்லுதாரா? எங்க மாமியாருக்கு புளி கொஞ்சம் தூக்கலா வச்ச மீன் குழம்பும் உள்ளி தீயலும்தான் நாக்குல ஏறிச்சு. வாய்ப்புண்ணு இருந்தா காரம் வேணாம்.

கம்பத்துக்காரன்:

எனக்கு மைலோமா இல்ல, சிஎம்எல், அதாங்க இன்னொரு வகை ரத்தப் புத்துநோய். 2014ல வெள்ளையணு ஒரு லட்சத்து எம்பதாயிரம், அன்னைலருந்து இமாட்டினிப் 400 மாத்திரை, இன்னைக்கு வரைக்கும் ஓடுது வண்டி. உங்க அப்பா மருந்து வேற, அதனால என் பத்தியத்த அவருக்கு வைக்காதீங்க, ஆனா பத்தியம்னு கெளம்புனா எங்க போய் நிக்கும்னு ஒரு கதை சொல்றேன்.

மருந்து டப்பால கிரேப்ஃப்ரூட் சாப்பிடாதன்னு போட்டிருந்துச்சு. நமக்கு கிரேப்னா திராட்சைதான? எனக்கு இருக்கறதே ஒண்ணேகால் ஏக்கர் பன்னீர் திராட்சை. மூணு வருசம்ங்க, பந்தலுக்கு கீழ நின்னு குலை குலையா வெட்டி வியாபாரிக்கு ஏத்தி விட்டுட்டு ஒரு பழம் வாயில போடல. பேரப்பிள்ளை ஊட்ட வந்தா கூட மூஞ்சிய திருப்பிக்குவேன். அதே நேரத்துல குமுளில எங்க அக்கா வீட்டு மரத்து பம்பளிமாஸ், அது சத்தாம்ல, வாரத்துக்கு ரெண்டு உரிச்சு சுளை சுளையா தின்னுக்கிட்டு இருந்தேன். நாலாவது வருசம் செக்கப்புக்கு போனப்ப ஒரு சின்னப் பொண்ணு டாக்டர் சும்மா பேச்சு வாக்குல என்னண்ணே தோட்டம்னு கேட்டுச்சு, நான் என் தியாகத்த பெருமையா சொன்னேன், அந்தப் பொண்ணு தலையில கைய வச்சுருச்சு. கிரேப்ஃப்ரூட்டுங்கறது திராட்சையே இல்லையாம், பம்பளிமாஸோட சொந்தக்காரப் பழமாம்! ரெண்டுலயும் இருக்கற ஒரு சரக்கு கல்லீரல் மருந்த உடைக்கறத தடுத்து ரத்தத்துல மருந்து அளவ ஏத்தி விட்டுருமாம். கண்ணுக்கு கீழ வீங்கி வீங்கி வந்ததும் ராத்திரி கெண்டைக்கால் பிடிச்சு இழுத்ததும் அதனாலயான்னு கேட்டேன், மருந்துக்கே அதெல்லாம் வரும், ஆனா அதுவும் சேந்திருக்கலாம்னுச்சு. திங்கக்கூடாதத தின்னு, திங்கலாங்கறத மூணு வருசம் விட்டவன் நான்.

இன்னொன்னு, என்கூட வார்டுல இருந்த ஒருத்தருக்கு நிலோட்டினிப்னு வேற மாத்திரை. அது வெறும் வயித்துல போடணும், முன்னாடி ரெண்டு மணி நேரம் பின்னாடி ஒரு மணி நேரம் எதுவும் தொடக்கூடாது. என் மாத்திரை சாப்பிட்டு முடிச்சு பெரிய டம்ளர் தண்ணியோட போடணும். அவரு என்னப் பாத்து சாப்பிட்டுட்டு போட ஆரம்பிச்சு, நல்ல வேளை நர்ஸம்மா பாத்துச்சு. அதனால மாத்திரை சீட்ட எடுத்துக்கிட்டுப் போயி இத எப்ப போடணும், எத சேக்கக்கூடாதுன்னு ஒவ்வொண்ணா எழுதி வாங்குங்க. கேள்விய வீட்லயே எழுதிட்டு போயிருங்க, மறக்காது.

இயற்கைவழி:

கெமிக்கல் மருந்தும் வேணும் மீனும் வேணும்னா எப்படி சரியாகும். சர்க்கரைதான் கேன்சருக்கு தீனி, அரிசி, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) எல்லாத்தையும் நிறுத்துங்க. காலைல வெறும் வயித்துல பப்பாளி இலைச்சாறு, பதினோரு மணிக்கு இலும்பன்புளி (பிலிம்பிக்காய்) ஜூஸ், சாயங்காலம் லட்சுமிதரு கஷாயம், கூட கிரீன் டீ. எல்லாம் பச்சையா சாப்பிடணும், வேக வச்சா சத்து போச்சு. 48 நாள் செஞ்சு பாத்துட்டு சொல்லுங்க.

நைட்டூட்டி:

மேல எழுதினவருக்கு கோவம் வந்தாலும் பரவால்லைங்க, இதப் படிச்சுட்டு சும்மா போக முடியல. நான் கொழிஞ்சாம்பாறைக்காரி, ரத்த நோய் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா பதினோரு வருசம். டாக்டர் இல்லீங்க, அதனால எனக்கு உறுதியா தெரிஞ்சத மட்டும் சொல்றேன்.

முதல்ல அந்த இலும்பன்புளி. மைலோமாக்காரங்களுக்கு கிட்னிதான் உயிர்நாடி, அந்த எம் புரோட்டீனோட துண்டுங்க கிட்னி குழாய்ல போயி அடைக்கும், உங்க அப்பாவுக்கு கிரியாட்டினின் 1.9 போனது பெரும்பாலும் அதனாலதான் இருக்கும். இலும்பன்புளில ஆக்சலேட் அவ்வளவு இருக்கு. கொலஸ்ட்ரால் குறையும்னு அத ஜூஸ் போட்டு குடிச்சு கிட்னி போயி அட்மிட் ஆன கேஸுங்க கேரளாவுலயே பத்து பேர், 2013ல இந்திய சிறுநீரகவியல் பத்திரிகையில டாக்டருங்க எழுதியே வச்சிருக்காங்க. மீன் குழம்புல புளிக்கு ரெண்டு போடறது வேற, டம்ளர்ல குடிக்கறது வேற. நட்சத்திரப் பழமும் அதே சாதிதான், வேண்டாம்.

கிரீன் டீ, இது உங்க அப்பாவுக்கு நேரடியாவே ஆகாது. அதுல இருக்கற ஒரு பொருள் போர்ட்டிசோமிப்பை பிடிச்சுக்கிட்டு வேலை செய்ய விடாம பண்ணுதுன்னு 2009லயே ஆய்வகத்துல காட்டிட்டாங்க. வைட்டமின் சி மாத்திரையும் அப்படித்தான், டாக்டர்கிட்ட கேக்காம போடாதீங்க. சாப்பாட்டுல எலுமிச்சை பிழியறதுக்கோ ஊறுகா தொட்டுக்கறதுக்கோ பயப்பட வேண்டாம். கம்பத்து அண்ணன் சொன்ன பம்பளிமாஸ் விஷயம் இந்த ஊசிக்கும் பொருந்தும், தவிர்த்துடுங்க. திராட்சை சாப்பிடட்டும், நல்லா கழுவி.

லட்சுமிதரு, முள்ளாத்தக்கா. எங்க வார்டுல தலகாணிக்கு அடியில தேடினா கிடைக்கும். நோயை குணப்படுத்தினதுக்கு மனுசங்ககிட்ட நடத்தின ஆதாரம்னு ஒண்ணும் இல்ல. முள்ளாத்தக்கால அன்னோனாசின்னு ஒரு நரம்பு விஷம் இருக்கு, குவாடலூப்னு ஒரு தீவுல அதை நிறைய தின்னவங்களுக்கும் பார்க்கின்சன் மாதிரி நடுக்கத்துக்கும் தொடர்பு இருக்குன்னு கண்டிருக்காங்க. போர்ட்டிசோமிப்பே கால் மரமரப்பு கொடுக்கற மருந்து, அதுக்கு மேல இது எதுக்கு?

அத்தைகிட்ட பதமா சொல்லுங்க. இது இரும்பு குறைஞ்சு வந்த ரத்தசோகை இல்ல, மஜ்ஜையில இடமில்லாம வந்தது. ரத்தம் ஏத்துனா ஒரு பைக்கு 200-250 மில்லிகிராம் இரும்பு உள்ள போகுது, உடம்பு சாதாரணமா சாப்பாட்டுல இருந்து எடுக்கறது நாளைக்கு 1-2 மில்லிகிராம்தான், கூடினத வெளிய தள்ள உடம்புக்கு வழியும் கிடையாது. பல பை ஏறினவருக்கு டானிக் வேற குடுத்தா இரும்பு ஈரல்ல போயி உக்காந்துக்கும். ஃபெரிட்டின், அதாவது உடம்புல சேந்திருக்கற இரும்பைக் காட்டற டெஸ்ட், அதைப் பாத்துட்டு டாக்டர் சொன்னா மட்டும். பீட்ரூட் பொரியலா வச்சா போதும்.

பால் பத்தி கேட்டிருந்தீங்க. கால்சியம் கூடறது எலும்பு கரையறதால, பாலால இல்லீங்க. எலும்புக்கு மாசாமாசம் ஊசி போடறாங்கன்னா கால்சியம் குறைஞ்சே போகலாம், அவங்களே மாத்திரை எழுதுவாங்க. ஒரு டம்ளர் பால், காய்ச்சினது, தாராளமா குடுங்க. கால்சியம் மாத்திரை மட்டும் நீங்களா வாங்காதீங்க.

புரோட்டீன் எவ்வளவுன்னா, கிரியாட்டினின் 1.3ல நிக்குதுன்னா 55 கிலோவுக்கு நாளைக்கு 55-65 கிராம்னு பொதுவா சொல்லுவாங்க, உங்க டயட்டீஷியன்கிட்ட ஒரு வார்த்தை உறுதி பண்ணிக்குங்க, ஏன்னா கிரியாட்டினின் மறுபடி ஏறினா இந்தக் கணக்கு மாறும். ஒரு முட்டை 6 கிராம், நூறு கிராம் சாளை (மத்தி மீன்) சுமார் 20 கிராம், ஒரு கப் வெந்த சிறுபயறு 14. ரெண்டு முட்டை, மதியம் மீன், ராத்திரி கஞ்சியும் பயறும்னா கிட்டத்தட்ட வந்துருது, பவுடர் டப்பாவுக்கு ஆயிரம் ரூபா வேண்டியதில்ல. தண்ணி நாளைக்கு ரெண்டரை மூணு லிட்டர், கால் வீக்கமோ இருதயமோ இருந்தா டாக்டர் குறைப்பாரு. முதுகுவலிக்கு சித்தப்பா கடைப்பழக்கத்துல டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் ஏதாவது எடுத்துக் குடுத்துடப் போறாரு, அது கிட்னிய அடிக்கும்.

பழஞ்சி கூடாதுன்னு சொல்லவே மனசு வரலீங்க, நானும் அதுலதான் வளந்தேன். ஆனா ராத்திரி முழுக்க வெளிய இருந்த சோறு இப்ப வேண்டாம். எதிர்ப்பு அணு எண்ணிக்கை, ரிப்போர்ட்டுல ஏஎன்சின்னு இருக்கும், அது 500க்கு கீழ போச்சுன்னா சாதாரண வயித்துக்கடுப்பே ஐசியூல கொண்டு விட்டுரும். மீன் குழம்பு மறுநாள்தான் ருசின்னு சட்டியில அப்படியே வைக்கற பழக்கமும் வேண்டாம், வச்சதும் ஆறினதும் ஃபிரிட்ஜ், எடுத்தா தளதளன்னு கொதிக்கணும். ஆஃபாயில், பச்சைத் தேங்கா சட்னி மிச்சம், தெருவுல வெட்டி வச்ச பழம் வேண்டாம். அதுக்காக எல்லாத்தையும் குழைய வேக வச்சு பழமே குடுக்காம இருக்கறதும் தப்பு. முன்னாடி நாங்களே அப்படி பயமுறுத்திட்டிருந்தோம், 2008ல அமெரிக்காவுல எம்.டி. ஆண்டர்சன் ஆஸ்பத்திரியில கடுமையான ரத்தப் புத்துநோய்க்கு கீமோ எடுத்த 153 பேர்ல பாதிப்பேருக்கு வெந்தது மட்டும், பாதிப்பேருக்கு பச்சைப் பழம் காயும் சேத்துன்னு குடுத்துப் பாத்தாங்க, பெரிய இன்ஃபெக்சன்ல குறிப்பிடற வித்தியாசமே இல்ல. கழுவறதும் கையும்தான் விஷயம். தோல் உரிக்கற பழம் நல்லது, உங்க ஊர் மட்டிப்பழம் செவ்வாழை எல்லாம் ஆண்டவனே தோல் போட்டு குடுத்ததுதானே.

மரச்சீனி நிறுத்த வேண்டியதில்ல. டெக்ஸா போடற நாளும் மறுநாளும் சுகர் 250, 300ன்னு ஏறும், தூக்கமும் வராது, பசி தாறுமாறா இருக்கும், அந்த ரெண்டு நாள் மட்டும் கிழங்கு ரெண்டு துண்டு, மீன் நிறைய. கருப்பட்டிக்காப்பின்னா சுகர் ஏறாதுன்னு ஊர் முழுக்க நம்பறாங்க, நல்லா ஏறும். டெக்ஸா காலைல சாப்பிட்டுட்டு போடணும்.

கடைசியா சாப்பாட்டுக்கு சம்பந்தமில்லாதது. முழுங்க முடியலன்னு லெனலிடோமைடு காப்ஸ்யூலை உடைச்சு கஞ்சில கலக்கறவங்கள பாத்திருக்கேன். உடைக்கவே கூடாது, அது தாலிடோமைடு குடும்பத்து மருந்து, வயித்துப்பிள்ளைக்கு ஆகாது, நீங்க சின்ன வயசுப் பொண்ணா இருந்தா உடைஞ்ச காப்ஸ்யூலை கையில தொடாதீங்க.

ரப்பர்காட்டுப்பிள்ள:

எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி டாக்டர்ட்ட கொண்டுபோனேன், வரிசைல நின்னுகிட்டே திரும்ப திரும்ப வாசிச்சேன். கிட்னி இப்போ தாங்கும், மீனும் முட்டையும் குடுன்னு சொல்லிட்டாரு. திண்ணைல இருந்துபோனதுக்கு ரத்தம் பாத்தா ஹீமோகுளோபின் 8.1, அடுத்த வாரம் பாத்துட்டு வேணும்னா ஏத்தலாம்னாரு. சித்தப்பா நம்பல, பாறசாலை அக்கா எழுதுனத போன்ல வாசிச்சு காட்டினேன், ஒண்ணும் பேசாம எந்திரிச்சு போனாரு, சாயங்காலம் வரும்போது பையில ஒரு கிலோ சாளை. சின்னம்மைதான் ஆஞ்சு குடுத்தாவ. அப்பா ரெண்டு துண்டு மரச்சீனியும் அஞ்சு மீனும் தின்னாரு, முள்ளுகூட சூப்பிட்டு வச்சாரு. அஞ்சு நாளாச்சு, எடை இன்னும் ஏறல, ஆனா கிணத்துப் பக்கம் தனியா போய்ட்டு வாராரு. பழஞ்சி இல்லன்னுதான் தினம் காலைல ஒரு மூஞ்சி. இப்போ புதுசா, அக்கானி (பதநீர்) சீசன் வருதுல்ல, ஒரு கிளாஸ் வாங்கித் தான்னு நிக்குதாரு. குடுக்கலாமா சேச்சி?

நைட்டூட்டி:

பனையிலருந்து இறக்கினத அப்படியே வேண்டாங்க, மூடாத கலயம், ராத்திரி வவ்வால் நக்கிட்டுப் போயிருக்கும், ஈ வேற. அடுப்புல வச்சு நல்லா கொதிக்க வச்சு ஆத்தி அரை கிளாஸ், டெக்ஸா நாளும் மறுநாளும் இல்லாம, வாரத்துக்கு ஒரு தடவை. சுகர் பாத்துட்டு குடுங்க. கொதிச்சா அந்த ருசி இருக்காதுன்னு சொல்லுவாரு, ஆமான்னு சொல்லிடுங்க.